பிளாஸ்டிக் தோல்

மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த தோலை இளஞ்செழியன் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தோல் என்று சொல்வது பழக்கத்தில்தான். உண்மையில் அது பால் நிறத்தில், தாம்பாள அகலத்துக்கு, அலுமினிய வளையத்துக்குள் பொருத்தப்பட்ட பாலியெஸ்டர் ஷீட். நடுவில், அடிக்கும் கட்டை விழும் இடத்தில், உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. குழியின் ஓரத்தில் ஒரு கீறல் ஓடியிருந்தது. இறுக்கமாக நிற்கும் ஷீட்டில் இப்படிக் குழி விழாது. ஆகவே முதலில் தொய்ந்திருக்கிறது, பிறகு குழிந்திருக்கிறது, அதன் பிறகு கிழிந்திருக்கிறது. அதுவரைக்கும் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஏன் தொய்ந்தது என்பதுதான் பிடிபடவில்லை.

தொய்வதற்கு மூன்று வழிகள்தான் உண்டு. ஷீட் நீண்டிருக்க வேண்டும், அல்லது ஷீட்டின் விளிம்பு வளையத்தை விட்டு நழுவியிருக்க வேண்டும், அல்லது வளையமே கோணியிருக்க வேண்டும். ஷீட் அவ்வளவு சுலபத்தில் நீளாது. ஆலையில் அதைச் சூடாக இருக்கும்போதே நெடுக்காகவும் குறுக்காகவும் இழுத்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகள் கோரைப்பாய் போல இரண்டு பக்கமும் படிந்துவிடுகின்றன. விளிம்பு நழுவவும் வாய்ப்பில்லை. வழவழப்பான ஷீட்டைப் பசை தானாகப் பிடிக்காது என்பதால், இளஞ்செழியன் வட்டமாக வெட்டிய ஷீட்டின் ஓரம் முழுக்கச் சிறு துளைகள் போடுவார். அச்சின் மேல் வைத்துச் சூடு காட்டி, தட்டுக்கு விளிம்பு மடித்த மாதிரி ஓரத்தை மடிப்பார். அதை அலுமினிய வளையத்தின் பள்ளத்துக்குள் இறக்கி எபாக்சிப் பசை ஊற்றுவார். பசை துளைகளின் வழியே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடி இறுகும்போது, ஆணி அடித்தது போல ஆகிவிடும். கிழிந்த தோலின் வளையத்தை ரம்பத்தால் அறுத்தே பார்த்துவிட்டார். ஒரு துளைகூட அசையவில்லை. அறுப்பதற்கு முன் வளையத்தை மேசைக் கண்ணாடி மேல் வைத்தும் பார்த்திருந்தார். ஒரு பக்கமும் தூக்கவில்லை.

தோலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தொய்ந்திருந்தது.

கோயில்களில் பூசை நேரத்துக்கு மேளம் அடிக்கும் மெஷினுக்கான தோல் அது. ஒரு மோட்டார், ஒரு தண்டு, தண்டில் பல் பல்லாகச் சில சக்கரங்கள். சுவிட்சைப் போட்டால் மேளமும் மணியும் தாளமும் ஒன்றாக அடிக்கும். ஆள் கிடைக்காத சின்னக் கோயில்களுக்கெல்லாம் கும்பகோணத்திலிருந்து ஜாபிர்தான் இந்த மெஷினைச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். முன்பு இளஞ்செழியனிடம் பேண்டு செட்டுக்காரர்கள் வாங்கினார்கள், கல்லூரிப் பறைக் குழுக்கள் வாங்கின. ஆன்லைனில் பாதி விலைக்கு வர ஆரம்பித்ததும் அவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சியது ஜாபிர் ஒருவர்தான்.

"மறுபடியும் அதே காளியம்மன் கோயில்தாங்க," என்றார் ஜாபிர் போனில். "நான் என்ன சொல்லட்டும் அவங்களுக்கு? காளிக்கு உங்க தோல் பிடிக்கலன்னு சொல்லவா?"

"மத்த கோயில்ல எல்லாம் வருசக்கணக்கா ஓடுதே ஜாபிர்."

"மத்த கோயில்காரங்க எனக்குப் போன் பண்றதில்லையே சார். இந்தக் கமிட்டிக்காரரு பண்றாரு. பண்ணிட்டு, பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்றாரு. இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா நான் டெல்லிச் சரக்குக்கே போயிடறேன். கோவிச்சுக்காதீங்க, ஒங்களுக்கும் வயசாகுதுல்ல."

வயது ஆகிறது என்பதை இப்போதெல்லாம் எல்லாரும் மரியாதையாகவே சொன்னார்கள். மகள் எழில்மொழி சிறுசேரியிலிருந்து சொன்னாள். பேரன் பிறந்தபோது மூன்று மாதத்துக்கு என்று சென்னைக்குப் போன மனைவி பிரகதீஸ்வரி, பேரன் பள்ளிக்கூடம் போகும் வயது வந்த பிறகும் அங்கேயே இருந்தாள். சண்டை ஒன்றுமில்லை. அங்கே அவளுக்கு வேலை இருந்தது, இங்கே அவருக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான். ஜாபிரும் போய்விட்டால் இங்கே வேலை இருக்காது. பட்டறையைப் பூட்டிவிட்டு, பதினோராவது மாடியில், பேரனின் பொம்மைகளுக்கு நடுவே ஒரு கட்டில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கட்டில் எந்தச் சுவரோரம் என்பதுகூட முடிவாகிவிட்டது.

அன்று சாயங்காலமும் வழக்கம்போல பிரகதீஸ்வரியே கூப்பிட்டாள். பேரன் என்ன சாப்பிட்டான், என்ன சாப்பிடவில்லை என்று சொன்னாள். இளஞ்செழியன் தொய்ந்த தோலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று வழிகளில் இரண்டாவதை விளக்கிக்கொண்டிருந்தபோது, "புள்ள தூங்குதுங்க, அப்பறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள். அவர் போனைக் கீழே வைத்துவிட்டு மூன்றாவது வழியை மனசுக்குள் சொல்லி முடித்தார். பாதியில் நிறுத்தினால் அவருக்குத் தூக்கம் வராது.

அடுத்த வாரம் புதுத் தோலை எடுத்துக்கொண்டு அவரே அந்த ஊருக்குப் போனார். குடமுருட்டிக் கரையோரம் பத்திருபது வீடுகள் கொண்ட ஒரு தெரு, தெரு முடியும் இடத்தில் கோயில், கோயிலைத் தாண்டினால் சம்பா நட்ட வயல். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கமிட்டிப் பொருளாளர் தமிழ்மாறன், பள்ளி ஆசிரியர், சட்டை நனையாமல் குடைக்குள் நின்றபடி வேடிக்கை பார்த்தார்.

"முன்னாடி ஆட்டுத் தோல்தான் சார் போட்டிருந்தோம். மழக்காலம் வந்தா நமத்துப்போய்ச் சாக்கு மாதிரி ஆயிடும். அதான் பிளாஸ்டிக்குன்னு ஆசப்பட்டோம். இது வெயில்லயே நமத்துப் போவுது."

"இது நமக்காதுங்க தம்பி. தண்ணியே குடிக்காது."

"அப்ப ஏன் சார் தொய்யுது?"

இளஞ்செழியன் ஸ்பேனரை எடுத்தார். தோலை மேளத்தின் வாயில் கவிழ்த்து, மேலே இரும்பு வளையத்தை வைத்து, ஆறு நட்டுகளையும் எதிர் எதிராக மாற்றி மாற்றி முடுக்கினார். ஒவ்வொரு நட்டுக்குப் பக்கத்திலும் விரலால் தட்டிப் பார்த்தார். ஆறு இடத்திலும் ஒரே சுருதி வந்தது. பிறகு பையிலிருந்து சிவப்பு பெயிண்டை எடுத்து, ஒவ்வொரு நட்டிலும் ஆரம்பித்து அதன் அடியில் உள்ள தகட்டில் முடிகிற மாதிரி ஒரு கோடு இழுத்தார். நட்டு ஒரு நெல்லளவு திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுக்கும்.

"திருஷ்டிப் பொட்டா சார்?" என்றார் தமிழ்மாறன்.

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

சில நாள் கழித்து வந்து பார்த்தபோது கோடுகள் உடைந்திருந்தன. மத்தியானம், கோயிலில் ஆள் இல்லை. கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு பக்கமாக இருந்த மெஷினுக்கு முன்னால் இளஞ்செழியன் குனிந்து நின்றார். மெஷினின் அதிர்வில் நட்டு கழன்றிருந்தால் ஒன்று நிறையக் கழன்றிருக்கும், ஒன்று கொஞ்சம் கழன்றிருக்கும், ஒன்றிரண்டு அசையாமலே இருக்கும். இங்கே ஆறு நட்டுகளும் சரியாக அரைச் சுற்று திரும்பியிருந்தன. அதிர்வுக்கு இவ்வளவு ஒழுங்கு தெரியாது. இது கை.

அவர் நட்டுகளை மறுபடி முடுக்கிவிட்டு, தண்ணீர்க் குழாய் மேடையில் போய் உட்கார்ந்தார். கோபம் வரவில்லை. நான்காவதாக ஒரு வழி இருந்ததை நினைக்காமல் போனோமே என்றுதான் இருந்தது.

சாயங்காலம் ஒரு பெண் வந்து கதவைத் திறந்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். பூசாரி வண்டியில் வந்தார். அடுத்த ஊர்க் கோயிலுக்கும் அவர்தான் என்பதால் செருப்பைக் கழற்றும்போதே அவசரத்தில் இருந்தார். அவர் தட்டைத் தூக்கியதும் பெண் சுவிட்சைப் போட்டாள். மேளம் கிண்ணென்று ஒலித்தது. இளஞ்செழியனுக்கே பெருமையாக இருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தாள். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறவள் போல. பூசாரி போனதும் சுவிட்சை அணைத்தாள். விபூதித் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து வந்து, ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று தளர்த்தினாள்.

"ஏம்மா, அத ஏன் கழட்டுறீங்க?"

அவள் திரும்பவில்லை. பக்கத்தில் போய் நின்றதும்தான் பார்த்தாள். திடுக்கிட்டாலும் ஸ்பேனரை மறைக்கவில்லை.

"மெதுவாச் சொல்லுங்க," என்றாள், தேவைக்கு மேல் உரக்க. "வாயப் பாத்துதான் புரிஞ்சுக்கணும். ஒங்களுக்கு மீச வேற."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"கழட்டல. தளத்துனேன். நீங்கதான் அந்தத் தோல் சாரா?"

அவள் பெயர் செந்தாமரை. இருபது வருடத்துக்கு மேல் அரிசி மில்லில், நெல் அரைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தவள். பெல்ட்டு மாற்றுவது, நட்டு முடுக்குவது எல்லாம் அங்கே பழகியது. காது போனதும் அங்கேதான். புருஷன் இல்லை, மகன் வளவன் திருப்பூரில் இருக்கிறான். கோயில் சாவி அவளிடம் இருந்தது.

"முழுக்கப் போயிடலங்க. லாரி கேக்கும். இடி கேக்கும். முன்னாடி இருந்த ஆட்டுத்தோல் மேளம் நல்லாக் கேக்கும். இது வந்ததுலேந்து ஒண்ணும் தெரியல. மெஷினு ஆடுது, சத்தத்தக் காணும். ஊம சினிமா மாதிரி."

இளஞ்செழியனுக்கு உடனே புரிந்தது. காதுக்குள்ளே ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்கள் வரிசையாக இருக்கின்றன. கீச்சென்ற ஒலிகளை வாங்குபவை வாசலுக்குப் பக்கத்தில், கனத்த ஒலிகளை வாங்குபவை உள்ளே தள்ளி. இரைச்சலில் முதலில் அடிபடுவது வாசலில் உட்கார்ந்திருப்பவை. நமத்துப்போன ஆட்டுத்தோல் தொம் தொம் என்று அடித்தது, அது அவளுடைய உள்ளறைக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய ஷீட் கிண்ணென்று அடித்தது. மற்றவர்கள் எதற்காகப் பாராட்டினார்களோ, அதுதான் அவளுக்கு எட்டாமல் போனது. தளர்த்தினால் சுருதி இறங்கும். அதை அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். தளர்த்தினால் குழி விழும் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

"ஒரு நா பூச நடக்கையில கரண்டு போயிடுச்சு," என்றாள் அவள். "அகல் வெளிச்சத்துல எனக்கு எங்க தெரியும்? நாந்தான் அணச்சிட்டேன்னு நெனச்சு, பூட்டிட்டு வீட்டுக்குப் போயி ஒலை வச்சிட்டேன். கரண்டு வந்துச்சு. பூட்டுன கோயில்ல மேளம் அடிக்குது. ஊரே வந்து நிக்குது. காளியே வந்து அடிக்கிறான்னு ஒருத்தன் சூடம் கொளுத்திட்டான். எங்க வீடு பக்கத்து வீடுதான். எனக்கு மட்டும் தெரியல." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "தமிழ்மாறன் தம்பி நல்ல புள்ள. ஒனக்கு ஏன் அத்த கஷ்டம், டைமர் வச்சிடறோம், சாவியக் குடுத்துட்டு ஓய்வா இருன்னுச்சு. ஓய்வா எங்க இருக்குறது? அதுக்கப்பறந்தான் இத தளத்துனேன்."

"கரண்ட் போயி வந்தா தானா ஓடாத மாதிரி ஒரு சுவிட்சு இருக்கும்மா. பம்பு செட்டு ஸ்டார்ட்டர்ல இருக்குல்ல, அதே சங்கதி. ஜாபிர்கிட்ட சொல்லிப் போட்டுடலாம். அப்பறம் ஒங்களுக்குப் பிரச்சினையே இல்ல."

"போடுங்க. அப்பவும் எனக்குக் கேக்காதே."

"கேக்க வேண்டியதே இல்லியேம்மா. அதுதான் தானா நின்னுடுமே."

அவள் அவர் உதட்டைப் பார்த்து முடித்து, கொஞ்சம் யோசித்தாள்.

"ஒங்களுக்கு வேண்டியதில்ல," என்றாள். "போனு மணி எனக்குக் கேக்காது. மவன் வீடியோவுல வருவான், அது நின்னு நின்னு போவும், வாயும் சேந்து நின்னுடும். ஒருத்தரு கதவத் தட்டுனா தெரியாது. காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி இது ஒண்ணு கேக்குது. நானே போட்டு, நானே கேட்டுக்குறேன்."

இளஞ்செழியன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வயல்களுக்கு நடுவே வரும்போது, தனக்கு இருந்த சிக்கல் தீர்ந்துவிட்டதை நினைத்துப் பார்த்தார். ஜாபிரிடம் உடைந்த பெயிண்ட் கோட்டின் படத்தைக் காட்டினால் போதும். தோலில் குறையில்லை, ஆள் கை வைத்திருக்கிறார்கள். ஜாபிர் கமிட்டியிடம் சொல்வார். கமிட்டி சாவியை வாங்கிக்கொள்ளும். பட்டறை பிழைக்கும்.

பட்டறைக்கு வந்து விளக்கைப் போட்டதும் ஜாபிரைக் கூப்பிட்டார்.

"கோளாறு எம்பக்கம்தான் ஜாபிர். அந்த எடத்துக்கு ஏத்த தோல் அது இல்ல. வேற மாதிரி செஞ்சு தரேன்."

"மத்த கோயிலுக்கு ஏத்த தோலு இந்தக் கோயிலுக்கு மட்டும் எப்படிங்க ஏக்காது?"

"ஏக்கல. ஸ்டார்ட்டர் மாதிரி சுவிட்சு ஒண்ணும் நீங்க போட்டுடுங்க."

"நாலு தோலாச்சு சார்."

"இதுதான் கடைசி. இதுவும் தொய்ஞ்சா நீங்க டெல்லிக்கே போயிடுங்க. நானே பட்டறையப் பூட்டிடறேன்."

"ஒங்க வாயால சொல்லிட்டீங்க," என்று மட்டும் சொல்லி ஜாபிர் போனை வைத்தார்.

மேளத்தின் சுருதியைத் தீர்மானிப்பவை மூன்று: வாயின் அகலம், தோலின் இறுக்கம், தோலின் எடை. அகலம் ஜாபிரின் இரும்புப் பாத்திரம், அதை மாற்ற முடியாது. இறுக்கத்தைக் குறைத்தால் குழி விழும். மீதி இருப்பது எடை. கனமான தோல் மெதுவாக அசையும், மெதுவாக அசைந்தால் ஒலி கனக்கும். மறுநாள் அவர் தடித்த ஷீட்டில் ஒரு தோல் செய்தார். அது கனக்கவில்லை, விறைத்தது. பலகையைத் தட்டியது போல் இருந்தது. மெல்லிய ஷீட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரத்தில் மட்டும் ஒட்டி வைத்தார். ஒலி இறங்கியது, ஆனால் போதவில்லை. நடுவில் டிராக்டர் டியூப்பை வட்டமாக வெட்டி ஒட்டினார். ஒலியே செத்துவிட்டது, ரப்பர் அதிர்வைத் தின்றுவிட்டது. ரப்பருக்குப் பதில் ஷீட்டிலேயே ஒரு வட்டத்தை மேலே ஒட்டினார். சுருதி சரியாக வந்தது, ஆனால் சோதனை மெஷினில் ஒரு பகல் அடித்ததும் கட்டை பட்டு ஓரம் பெயர்ந்துவிட்டது.

பிரகதீஸ்வரி கூப்பிட்டபோது அவர் பசைக் கையோடு இருந்தார். "எப்பதான் வரப் போறீங்க?" என்றாள். இந்த மாதக் கடைசியில் தெரிந்துவிடும் என்றார். எது தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லியிருப்பார். அவள் பக்கத்தில் யாரோ குக்கரை இறக்கச் சொன்னார்கள்.

அன்று அடுப்பில் சோறு வேகும்வரை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, மிருதங்கத்தின் வலப்பக்கத்துக் கருவட்டம் ஞாபகத்துக்கு வந்தது. அதை ஒரே உருண்டையாக வைத்து அப்புவதில்லை. மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டுத் தேய்த்து, அதன்மேல் அதைவிடச் சிறிதாக இன்னொன்று பூசுகிறார்கள். நடுவில் கனமாகவும் ஓரத்துக்கு வர வர மெல்லியதாகவும் இருப்பதால்தான் தோல் விறைக்காமல் கனக்கிறது. இளஞ்செழியன் எழுந்து கத்தியை எடுத்தார். சோறு குழைந்துவிட்டது.

ஸ்டார்ட்டர் சுவிட்சை ஜாபிரின் ஆள் ஏற்கெனவே மாட்டிவிட்டுப் போயிருந்தான். இளஞ்செழியன் புதுத் தோலோடு போன அன்று மழை இல்லை. தமிழ்மாறன் பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தார். ஆறு நட்டுகளையும் முழு இறுக்கத்துக்கு முடுக்கும்வரை செந்தாமரை பக்கத்தில் நின்று பார்த்தாள். முடுக்க முடுக்க அவள் முகம் இறுகிக்கொண்டு வந்தது.

"நீங்க போயி ஒங்க வீட்டு வாசல்ல நில்லுங்கம்மா," என்றார் அவர், உதட்டைப் பிரித்துப் பிரித்து. "இந்தப் பக்கம் பாக்கக் கூடாது. வயலப் பாத்து நில்லுங்க. கேட்டா கையத் தூக்குங்க."

"எதுக்கு சார் அத்தைக்குப் பரீட்ச?" என்றார் தமிழ்மாறன். "அதுக்குத்தான் கேக்காதே."

"தோலுக்குத் தம்பி பரீட்ச."

அவள் போய் முதுகைக் காட்டி நின்றாள். அவளுக்கு முன்னால் சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. இளஞ்செழியன் உடனே சுவிட்சைப் போடவில்லை. அவள் எதிர்பார்க்கும் நேரம் கடந்து போகட்டும் என்று காத்திருந்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு அவளைக் கடந்து போனது, அவள் அசையவில்லை. பிறகு போட்டார்.

"சத்தம் எடுப்பாத்தான் சார் இருக்கு," என்றார் தமிழ்மாறன். "அடியில என்னமோ தொம்முங்குது, அதுவும் நல்லாருக்கு."

வாசலில் அவள் கை மேலே போனது. இளஞ்செழியன் சுவிட்சை அணைத்தார். கை இறங்கியது. மறுபடி போட்டார், மறுபடி கை ஏறியது, இந்த முறை விரல்களை விரித்துக்கொண்டு. அணைத்தார். இறங்கியது.

"என்ன சார் பண்ணீங்க?" என்றார் தமிழ்மாறன்.

இளஞ்செழியன் மேளத்தைப் பார்த்தபடியே சொன்னார். மேலே ஒரு மெல்லிய ஷீட். கட்டை அதில்தான் விழும், கிண்ணென்ற ஒலி அதிலிருந்து வரும். அதற்கு அடியில் இன்னொரு ஷீட், ஓரத்தில் மட்டும் ஒட்டியது. அந்த இரண்டாவது ஷீட்டின் அடிப்பக்கத்தில், நடுவில், அதே ஷீட்டில் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டிய மூன்று வட்டங்கள், ஒன்றைவிட ஒன்று சிறிதாக. கட்டை அவற்றைத் தொடாது, அதனால் பெயராது. கனம் முழுக்க நடுவில் இருப்பதால் நட்டை முழுக்க முடுக்கினாலும் ஒலி இறங்கியே நிற்கும். இனி யாரும் அதைத் தளர்த்த வேண்டியதில்லை, தோலும் தொய்யாது என்பதைத் தனக்குள் வைத்துக்கொண்டார்.